சென்னை தந்த நேரம்: கோட்டைப் பீரங்கி முதல் பொது நேர வழங்கி வரை

இணையத்தில் உள்ள கணினிகளும் கைபேசிகளும் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள இன்னொரு கணினியைக் கேட்கின்றன. அவ்வாறு கேட்கப்படும் கணினி நேர வழங்கி எனப்படும். யார் கேட்டாலும் கட்டணம் இன்றிப் பதில் தருமானால் அது பொது நேர வழங்கி. பெயர்தான் புதியது. இதே வேலையைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்தது. ஊசல் கடிகாரம், பீரங்கி, தந்திக் கம்பி ஆகியவையே அதன் கருவிகள். இன்று மொட்டைமாடியில் ஒரு ஜி.பி.எஸ். ஆண்டெனாவைப் பொருத்தி நேர வழங்கி நடத்தும் தன்னார்வலர் சந்திக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த வானாய்வகம் சந்தித்தவையே. இக்கட்டுரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

வானாய்வகமும் அதன் கடிகாரமும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகம் வைத்திருந்தார். கம்பெனி அதைப் பெற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளரின் மேற்பார்வையில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. தொலைநோக்கியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு உண்டு. மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் சென்று பார்க்க வேண்டிய தூண் அது.

கம்பெனிக்கு வானாய்வகம் தேவைப்பட்டதற்கு முதன்மைக் காரணம் கடல். கப்பல் எந்தத் தீர்க்கக்கோட்டில் இருக்கிறது என்பதை அறியச் சரியான நேரம் வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை; 4 விநாடிக்கு ஒரு கலை. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது ஏறத்தாழ 1.85 கி.மீ. கப்பலின் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் மாலுமியின் கணக்கு 28 கி.மீ. பிசகும். இரவில் கரையை நெருங்கும் கப்பலுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

சரியான நேரத்தைக் கொடுத்தவை விண்மீன்கள். தெளிந்த இரவுகளில், குறிப்பிட்ட விண்மீன் நேர் உச்சிக் கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, அக்கணத்தில் கடிகாரம் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். விண்மீன் சொல்லும் நேரத்துக்கும் கடிகாரம் சொல்லும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் கடிகாரத்தின் பிழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாட்கள் விண்மீனே தெரியாது. அப்போது கடிகாரம் நாள் ஒன்றுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற பழைய கணக்கை வைத்தே ஓட்ட வேண்டும்.

இங்கேதான் நிலைத்தன்மையின் அருமை விளங்குகிறது. நாள்தோறும் 3 விநாடி தவறாமல் பிந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம்; கூட்டிக்கொண்டால் போதும். இன்று 1 விநாடி முந்தி நாளை 2 விநாடி பிந்தும் கடிகாரம் மழைநாளில் கைவிட்டுவிடும். சென்னை வெயில் இதற்குப் பெரும் எதிரி. எஃகு ஊசல் சூட்டில் நீளும். நீண்டால் மெதுவாக ஆடும். ஒரு பாகை செல்சியசு கூடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை விநாடி பிந்தும். பத்துப் பாகைக்கு 5 விநாடி. இதைத் தவிர்க்கவே பித்தளைத் தண்டும் எஃகுத் தண்டும் மாறி மாறி அடுக்கிய ஊசல்களை அக்காலக் கடிகாரக் கலைஞர்கள் செய்தார்கள். வானாய்வகத்தில் இருந்த, லண்டன் கலைஞர் ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் இப்போது கொடைக்கானலில் உள்ளது.

நிலையான தவறு

முதல் அதிகாரபூர்வ வானியலாளரான ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கக்கோட்டை 80 பாகை 18 கலை 30 விகலை என்று கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. இன்றைய கணக்கில் வானாய்வகம் இருந்த இடம் 80 பாகை 14 கலை 48 விகலையை ஒட்டியது. ஆகவே அவர் கணக்கில் ஏறத்தாழ 15 விநாடிப் பிழை இருந்தது; தரையில் அது 6 கி.மீ.க்கும் மேல். தந்தி வந்த பிறகுதான், இரு இடங்களின் கடிகாரங்களை உடனுக்குடன் ஒப்பிட்டு இப்பிழையைக் களைய முடிந்தது.

ஆனால் அந்தப் பிழை உள்நாட்டில் யாருக்கும் தொல்லை தரவில்லை. எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றினால், அந்தக் கடிகாரம் கிரீன்விச்சிலிருந்து 15 விநாடி விலகியிருந்தாலும் ரயில் ரயிலோடு மோதாது. துல்லியம் வேறு, ஒத்திசைவு வேறு, நிலைத்தன்மை வேறு. பாடப்புத்தகங்கள் இவற்றை ஒன்றாகக் குழப்பிவிடுவது எனக்கு நெடுநாள் குறை.

பீரங்கியும் ஒலியின் தாமதமும்

கண்டறிந்த நேரத்தை ஊருக்குக் கொடுக்க வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையில் இரவு 8 மணிக்கு வெடித்த பீரங்கி அதற்குப் பயன்பட்டது. ஆனால் பீரங்கி ஓசையைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருப்புவோருக்கு ஒரு மறைமுகப் பிழை உண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. கோட்டையிலிருந்து ராயபுரம் ரயில் நிலையம் சுமார் 2.7 கி.மீ.; ஓசை வந்துசேர 8 விநாடி ஆகும். திருவொற்றியூர்க் கோயில் சுமார் 9 கி.மீ.; அவ்வளவு தூரம் கேட்டால், 26 விநாடி கழித்துத்தான் கேட்கும். கடலில் நங்கூரமிட்ட கப்பலில் வெடியின் ஒளியைப் பார்த்துத் திருத்துபவருக்கு இந்தத் தாமதம் இல்லை.

இந்தத் தாமதத்தைச் சென்னையிலேயே அளந்தார்கள் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. 1820ஆம் ஆண்டை ஒட்டிக் கோல்டிங்காம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிகளின் ஒளியை வானாய்வகத்திலிருந்து பார்த்து, ஓசை வரும் வரை விநாடிகளை எண்ணினார். ஒரு பீரங்கி சுமார் 4 கி.மீ. தொலைவு, மற்றது சுமார் 9 கி.மீ. மாதத்துக்கு மாதம் ஒலியின் வேகம் மாறுவதையும், வெயில் காலத்தில் கூடுவதையும் அவர் பதிவுசெய்தார். ஆய்வு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1823இல் வெளியானது. நேரம் தருபவர், தரும் வழியில் எவ்வளவு தாமதம் என்றும் அறிந்திருக்க வேண்டும். இன்றைய நேர வழங்கியின் முழு நுட்பமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

ராயபுரத்திலிருந்து நாடு முழுதும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ரயில் வந்ததும் ஊருக்கு ஒரு நேரம் என்பது செல்லாமல் போனது. பம்பாய் நேரம் கிரீன்விச்சை விட 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், அரை மணி அரை மணி விலகலில் நின்றது சென்னை நேரம். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேயும் தந்தித் துறையும் சென்னை நேரத்தையே நாடு முழுதும் பயன்படுத்தின. லாகூரில் ரயில் ஏறியவரும் நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தின்படியே ஏறினார்.

இந்தக் காலத்தில் வானாய்வகத்தை 1861 முதல் 1891 வரை நடத்தியவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியளவைக் குறிக்க வானியலாளர் இன்றும் பயன்படுத்தும் அளவுகோல் இவருடையது. அவருக்குக் கீழ் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். 1880இல் மறைந்தார். இரவுதோறும் விண்மீன் கடப்பைக் குறித்து, கடிகாரப் பிழையைக் கணக்கிட்ட உதவியாளர்களில் நமக்கு நன்கு தெரியவந்த பெயர் இவருடையது மட்டுமே. மற்றவர்கள் பதிவேடுகளில் எண்களாகத் தங்கிவிட்டார்கள்.

1899இல் வானியல் ஆய்வு கொடைக்கானலுக்கு மாறியது. சென்னையில் நேரச் சேவை மட்டும் எஞ்சியது. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் விடாமல் வைத்திருந்தன. நாட்டுக்கே நேரம் கொடுத்த சென்னை அவற்றைப் போலப் பிடிவாதம் பிடிக்கவில்லை. வானாய்வகம் 1931இல் மூடப்பட்டது.

கேள்வியும் பதிலும்

இனி இன்றைய நேர வழங்கி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வடிவமைத்து 1985இல் ஆவணமாக வெளிவந்த என்.டி.பி. என்ற நெறிமுறைதான் இதன் அடிப்படை. 2024 ஜனவரியில் மறையும் வரை மில்ஸ் பெயர் பொதுமக்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் இவரது நெறிமுறை ஓடாத பெரிய வலையமைப்பு ஏதும் இல்லை எனலாம்.

அதன் கணக்கை ஒரு கதையாகச் சொன்னால் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். ராயபுரத்தில் உங்கள் வீட்டுக் கடிகாரம் 9:00 காட்டும்போது ஒரு பையனை மிதிவண்டியில் நுங்கம்பாக்கத்துக்கு அனுப்புகிறீர்கள். அவன் சென்று சேரும்போது வானாய்வகக் கடிகாரம் 9:50. இரண்டு நிமிடம் நின்று 9:52க்குக் கிளம்புகிறான். வீடு திரும்பும்போது உங்கள் கடிகாரம் 10:12. மொத்தம் 72 நிமிடம்; அங்கே நின்ற 2 நிமிடம் போக 70. போக 35, வர 35. அப்படியானால் அவன் அங்கே சேர்ந்தபோது உங்கள் கடிகாரம் 9:35 காட்டியிருக்கும், வானாய்வகம் 9:50. உங்கள் கடிகாரம் 15 நிமிடம் பிந்துகிறது. வழித்தாமதமும் கடிகாரப் பிழையும் நான்கே எண்களில் தனித்தனியாகக் கிடைத்துவிட்டன. கணினி இதையே 48 பைட் அளவுள்ள சிறு பொட்டலத்தை அனுப்பி, மில்லிவிநாடிகளில் செய்கிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. திரும்பும் வழியில் ரயில்வே கேட் 20 நிமிடம் மூடிக் கிடந்தால்? பையன் 10:32க்கு வருவான். 90 நிமிடத்தைச் சரிபாதியாகப் பிரித்தால், உங்கள் கடிகாரம் 5 நிமிடமே பிந்துகிறது என்று தவறாக முடிவு செய்வீர்கள். பிழை, காத்திருந்த நேரத்தில் பாதி. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று பழகிய வடசென்னை வாசிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இணையத்திலும் கேள்வி ஒரு வழியாகப் போய்ப் பதில் வேறொரு நெரிசலான வழியாக வந்தால் இதே பிழைதான். அதனால்தான் நேர வழங்கி பயனருக்கு அருகில், அதே நாட்டில், முடிந்தால் அதே நகரில் இருப்பது நல்லது.

வழங்கிகளுக்குள் படிநிலையும் உண்டு. அணுக் கடிகாரம், ஜி.பி.எஸ். போன்றவை அடிப்படை. அவற்றோடு நேரடியாக இணைந்த கணினி முதல் படி. அதைக் கேட்டு நடப்பது இரண்டாம் படி. இந்தியத் திட்ட நேரத்தின் காவலர் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்.பி.எல்.). அங்கு சீசியம் அணுக் கடிகாரங்கள் உள்ளன. முன்பு ஏ.டி.ஏ. என்ற சிற்றலை ஒலிபரப்பு வழியாகவும் பின்பு இன்சாட் வழியாகவும் நேரம் தந்த இந்நிறுவனம் இப்போது என்.டி.பி. வழங்கிகளையும் நடத்துகிறது.

நிலையாக நடத்துவது எப்படி

நிறுவன வழங்கிகள் போக, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் என்.டி.பி. பூல் என்ற திட்டம் 2003 முதல் இயங்குகிறது. மாறாத ஐ.பி. முகவரியும் அறாத இணைப்பும் உள்ள யாரும் தம் வழங்கியை அதில் சேர்க்கலாம். கண்காணிப்பு நிலையங்கள் ஒவ்வொரு வழங்கியையும் அடிக்கடி கேட்டுப் பார்த்து மதிப்பெண் இடுகின்றன. அதிகபட்சம் 20, 10க்குக் கீழே இறங்கினால் வழங்கி பட்டியலிலிருந்து தற்காலிகமாக விலக்கப்படும். பிழை திருந்தினால் மதிப்பெண் ஏறும். ஆனால் ஏற்றம் மெதுவாக, இறக்கம் வேகமாக. ஆசிரியர்களை விடக் கண்டிப்பான தேர்வு இது. இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்தியப் பிரிவில் உள்ள வழங்கிகள் மிகக் குறைவு.

கருவிச் செலவு பெரிதல்ல. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியும், விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் ஜி.பி.எஸ். பெறுவியும் போதும். சிரமம் அதைத் தொடர்ந்து ஓடவிடுவதில்தான். கணினிக்குள் உள்ள குவார்ட்சுப் படிகமும் பழைய ஊசலைப் போலவே சூட்டுக்கு மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினால் நாளுக்கு 1.7 விநாடி பிசகு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்காமல் வெப்பம் அதிகம் மாறாத அறையில் வைப்பது பாதி வெற்றி. ராயபுரம், எண்ணூர்க் கடற்கரைகளில் உப்புக்காற்று ஆண்டெனாவின் இணைப்புகளை அரித்துவிடும். அவற்றை நீர்புகாத நாடாவால் சுற்றிவைக்க வேண்டும். மின்வெட்டுக்கு மின்கலம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி வெள்ளத்தில் கிடந்தன. தரைத்தளத்தில் எதையும் வைக்கக் கூடாது என்பதை அது கற்றுத் தந்தது.

ஜி.பி.எஸ். தெரியாமல் போனால் நேர்மையான வழங்கி தன் படிநிலையைத் தாழ்த்திக்கொள்ளும், அல்லது நேரம் தெரியாது என்று சொல்லிவிடும். தவறான நேரத்தை உறுதியாகச் சொல்வதை விட அது மேல். ஜி.பி.எஸ்.ஸும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல. 2016 ஜனவரி 26 அன்று அதன் செயற்கைக்கோள்கள் சில 13 மைக்ரோவிநாடி பிசகிய நேரத் தகவலை ஒலிபரப்பின. ஆகவே வழங்கி, வேறு வழங்கிகளையும் கேட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு பேர் முரண்பட்டால் யார் சரி என்று சொல்ல முடியாது. மூவரில் ஒருவர் பிசகினால் கண்டுபிடித்துவிடலாம். நால்வர் இருந்தால் ஒருவர் காணாமல் போனாலும் சமாளிக்கலாம். நான்கு மூலங்கள் வேண்டும் என்ற வழக்கம் இதனால் வந்தது.

தாக்குதலும் உண்டு. 2013, 2014இல் பழைய மென்பொருளில் இருந்த ஒரு கட்டளையைப் பயன்படுத்தி, சிறு கேள்விக்குப் பெரிய பதிலை வரவழைத்து, அப்பாவி வழங்கிகளைக் கொண்டே மற்றவர்களைத் தாக்கினார்கள். அக்கட்டளையை மூடுவது நடத்துநரின் கடமை. இதைவிட விநோதமானது 2003இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்தது. ஒரு நிறுவனம் தான் விற்ற லட்சக்கணக்கான ரூட்டர்களுக்குள் அந்தப் பல்கலைக்கழக வழங்கியின் முகவரியைக் கேட்காமலே எழுதிவைத்தது. பதில் வராவிட்டால் விநாடிக்கு ஒருமுறை கேட்கும்படி அவை அமைந்திருந்தன. விநாடிக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் வந்து குவிந்தன.

பிசகினால் என்ன ஆகும்?

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கடற்கரையில் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய விபத்துகளை விசாரிக்கையில் இரு கப்பல்களின் பதிவுகளும் துறைமுகத்தின் பதிவும் ஒரே நேரக் கணக்கில் இருந்தால்தான் யார் முதலில் திரும்பினார், யார் எப்போது எச்சரித்தார் என்று அடுக்க முடியும். அனல்மின் நிலையத்தில் பழுது ஏற்பட்டால் எந்தச் சுவிட்ச் முதலில் விழுந்தது என்பதையும் மில்லிவிநாடிக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். கணினிக் குற்றங்களுக்கும் இதே தேவை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்களும் தரவு மையங்களும் என்.ஐ.சி. அல்லது என்.பி.எல். வழங்கிகளோடு, அல்லது அவற்றை ஒட்டி நடக்கும் வழங்கிகளோடு தங்கள் கடிகாரங்களை இணைக்க வேண்டும் என ஆணையிட்டது.

பெரிய விபத்துகளை விடுங்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் அலுவலகக் கடிகாரம் பல வாரம் 6 நிமிடம் முந்தி ஓடியது. தொழிற்சாலைச் சங்கைக் கேட்டு வீட்டிலிருந்து கிளம்பும் ஒரு மாணவன் தினமும் தாமதம் என்று வாசலில் நின்றான். நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். வானொலியின் நேர ஒலியோடு ஒப்பிட்ட பிறகுதான் சரியாக வந்தது அவன் என்று தெரிந்தது.

பொது வழங்கி நடத்த விரும்புவோர் அறிய வேண்டியவை இன்னும் இரண்டு. என்.டி.பி. 1900 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட் எண்ணாக எண்ணுகிறது. அந்த எண் 2036 பிப்ரவரி 7 அன்று நிரம்பி மீண்டும் சுழியத்தில் தொடங்கும். மென்பொருளை அதற்குள் புதுப்பித்திருக்க வேண்டும். அடுத்தது, நிறுத்துவது. பூல் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டாலும், முகவரியை ஒருமுறை பெற்றுக்கொண்ட கருவிகள் மாதக்கணக்கில் அதே வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். அதனால் விலக நினைப்பவர்கள் பெயரை முன்கூட்டியே எடுத்துவிட்டு, கேள்விகள் குறையும் வரை கருவியை ஓடவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.